எந்தப் புலமானாலும்

எம்மி நோதரைப் பற்றி எழுத உட்காரும் எவரும் முதலில் ஐன்ஸ்டீனை அழைத்துவந்து நிறுத்திவிடுகிறார்கள். 1935 மே மாதம் அவர் நியூயார்க் டைம்ஸுக்கு எழுதிய இரங்கல் கடிதத்தைச் சொல்லாத கட்டுரை அபூர்வம். அடுத்து ஹில்பர்ட் வருவார். பெண்ணை ஆசிரியராக ஏற்க மறுத்தவர்களிடம், இது பல்கலைக்கழகம்தானே, குளியலறை இல்லையே என்று அவர் கேட்டதாக ஒரு கதை உலவுகிறது. அந்தக் கதை ஹில்பர்ட்டின் பெருந்தன்மையோடு முடிந்துவிடும். அதன் பிறகும் நோதருக்குச் சம்பளம் வரவில்லை என்பதைக் கதை சொல்லாது.

நோதர் எர்லாங்கனில் ஆய்வேட்டை முடித்தது 1907இல். அங்கே பல ஆண்டுகள் ஊதியமில்லாமல் வேலைசெய்தார். 1915இல் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும் கோட்டிங்கனுக்கு அழைத்தார்கள். ஜெர்மனியில் பல்கலைக்கழகத்தில் சொந்தப் பெயரில் பாடம் நடத்த, முனைவர் பட்டத்துக்கு மேல் இன்னொரு தகுதி வேண்டும். பெண்களுக்கு அது மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே 1916-17 குளிர்காலப் பருவ அறிவிப்பில், வகுப்பு நடத்துபவர் பேராசிரியர் ஹில்பர்ட், உதவுபவர் முனைவர் நோதர் என்று அச்சிட்டார்கள். நடத்தியவர் நோதர். இன்று இயற்பியலின் அடித்தளங்களில் ஒன்றாகிவிட்ட அவரது தேற்றத்தை 1918இல் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் கிளைன் சமர்ப்பித்தார். நோதர் அங்கே உறுப்பினர் இல்லை. 1919இல் அந்தத் தகுதி கிடைத்தது. சொற்ப ஊதியம் 1923இல்தான் வந்தது.

ஒருவர் சார்பில் இன்னொருவர் நிற்பதைப் பிரதிநிதித்துவம் என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குச் சட்டமன்றமும் 33 விழுக்காடும் நினைவுக்கு வரும். கணிதத்திலும் பிரதிநிதித்துவக் கோட்பாடு என்று ஒரு துறை உண்டு. நோதர் அதை அடியோடு மாற்றினார். அவரைப் பற்றிய புகழுரைகளில் இது அதிகம் வருவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஓர் இயற்கணித அமைப்பு அருவமானது. அதன் உறுப்புகளுக்கு முகம் இல்லை. ஒன்றோடொன்று எப்படிச் சேர வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. அதை ஒரு வெளியின் மீது செயல்பட விட்டால் ஒவ்வோர் உறுப்பும் அந்த வெளியைத் திருப்பும், நீட்டும், நசுக்கும். அந்தச் செயலை எண்கள் நிரம்பிய கட்டமாக எழுதிவைக்கலாம். கணிதத் தமிழில் அதற்குப் பெயர் அணி. (எனக்கு அணி என்றால் தண்டியலங்காரம்தான், இந்த அணி பழகச் சில மாதங்கள் பிடித்தன.) 1896 முதல் ஃப்ரோபீனியஸ் கட்டியெழுப்பிய துறையில் எல்லாம் அணிகளாக, கலப்பெண்களின் கணக்காக இருந்தது. 1927-28 குளிர்காலத்தில் கோட்டிங்கனில் நடத்திய வகுப்புகளில் நோதர் அணிகளைப் பின்னுக்குத் தள்ளினார். செயல்படும் அமைப்பையும், அந்தச் செயலைத் தாங்கும் வெளியையும் பிரிக்காமல் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டார். மாட்யூல் என்று இன்று மாணவர்கள் படிப்பது அதைத்தான். கணக்கு எந்தப் புலத்தின் மேல் நடக்கிறது என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது. வான் டெர் வார்டன் எடுத்த வகுப்புக் குறிப்புகளிலிருந்து அது 1929இல் கட்டுரையாக வந்தது. பின்னர் அவர் எழுதிய பாடநூல் உலகெங்கும் போனது. ஆர்ட்டின், நோதர் இருவரின் வகுப்புகளைப் பயன்படுத்தியதாகத் தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார். அந்த நேர்மையைக் குறிப்பிடத்தான் வேண்டும்.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் நடக்கும் எண் உலகமே புலம். 0, 1, 2, 3, 4 என்று ஐந்தே எண்கள் கொண்ட புலமும் உண்டு. அதில் 3ஐயும் 4ஐயும் கூட்டினால் 2. ஐந்துக்குப் பிறகு கடிகாரம்போலச் சுற்றி வந்துவிடும்.

1933 ஏப்ரலில் நாஜி அரசு நோதரை வேலையிலிருந்து நிறுத்தியது. அவர் யூதர். அதன் பிறகும் வீட்டில் மாணவர்களைக் கூட்டி வகுப்பு நடத்தினார். அவரிடம் ஆய்வுசெய்த எர்ன்ஸ்ட் விட் அடுத்த மாதமே நாஜிக் கட்சியிலும் அதன் எஸ்.ஏ. படையிலும் சேர்ந்தார். இன்று விட் இயற்கணிதம் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஓர் உறுப்பு; இருபுறமும் முடிவில்லாமல் நீளும். மூன்றாம் உறுப்பையும் ஐந்தாம் உறுப்பையும் பிணைத்தால் எட்டாம் உறுப்பின் ஒரு மடங்கு கிடைக்கும், வரிசையை மாற்றினால் குறி மாறும். கலப்பெண்களின் மேல் முடிவிலிப் பரிமாணம் கொண்ட இந்த லீ இயற்கணிதத்தை விட் 1930களில் சுற்றிவரும் புலங்களுக்குக் கொண்டுவந்தார். ஐந்து எண்களின் புலத்தில் அதே விதி ஐந்து உறுப்புகளுக்குள் மடங்கிவிடுகிறது. புலத்தை மாற்றியதும் வேறொரு ஜீவன். கலப்பெண்களின் மேல் முடிவுறு பரிமாணத்தில் இதற்கு இணை கிடையாது. கட்சிக்காரரின் கணிதத்தைக் கணிதமாகவே எழுதுகிறேன். அந்த மாதத்தையும் சேர்த்தே எழுதுவேன்.

புலம் தமிழில் நிலமும்கூட. நோதர் புலம்பெயர்ந்து அமெரிக்காவில் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரிக்குப் போனார். ரூத் ஸ்டாஃபர் அங்கே அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வுசெய்தார். 1935 ஏப்ரல் 14 அன்று, அறுவைசிகிச்சை முடிந்த நான்காம் நாள், நோதர் இறந்தார். வயது 53. சாம்பல் கல்லூரி நூலக முற்றத்தின் நடைபாதைக்கு அடியில் இருக்கிறது.

அவர் இடத்தில் அடுத்த ஆண்டு பாடம் நடத்த வந்தவர் 25 வயது நாதன் ஜேக்கப்சன். விட் தொட்ட அந்தச் சுற்றிவரும் புலங்களின் மேல் லீ இயற்கணிதங்களை ஆராய்ந்தவர்களில் அவர் முன்னோடி. நோதரின் கட்டுரைத் தொகுப்பை 1983இல் பதிப்பித்தவரும் அவரே. யேல் பல்கலைக்கழகத்தில் 1974இல் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர் ஜார்ஜியா பென்கார்ட். ஒஹையோவின் யங்ஸ்டவுனில் பிறந்த பெண். பட்டம் பெற்ற அதே ஆண்டில் மேடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மேரி எலன் ரூடின் அங்கேதான் இருந்தார்; கணவர் அதே துறையில் பேராசிரியர் என்பதால் 1971வரை விரிவுரையாளராகவே வைக்கப்பட்டிருந்தவர்.

பென்கார்ட்டின் மாணவர்கள் 20க்கும் மேல். முடிவிலிப் பரிமாண லீ இயற்கணிதங்களில் ஒரு பிரிவை அவர் எஃபிம் செல்மானோவோடு சேர்ந்து வகைப்படுத்தியது 1996இல் வந்தது. தாமஸ் கிரிகரி, அலெக்சாண்டர் பிரெமெட் இருவரோடும் சேர்ந்து 2009இல் வெளியிட்டது அடையாளம் காணும் தேற்றம். சுற்றிவரும் புலத்தின் மேல் ஓர் இயற்கணிதம் அடுக்கடுக்காக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடு அடுக்கு தன் அண்டை அடுக்கின் மீது எப்படிச் செயல்படுகிறது என்று பார்த்தால், உரிய நிபந்தனைகளில், முழு இயற்கணிதமும் எந்த வகை என்று சொல்லிவிட முடியும். அந்த வகைகளின் பட்டியலில் விட்டின் பெயர் இருக்கிறது, கார்ட்டானின் பெயர் இருக்கிறது, மெலிக்யானின் பெயர் இருக்கிறது. நோதர் பெயரில் வகை எதுவும் இல்லை.

2014இல் சியோலில் கூடிய உலகக் கணிதவியலாளர் மாநாட்டில் எம்மி நோதர் பேருரையை ஆற்ற பென்கார்ட்டை அழைத்தார்கள். அவர் பேசியது பிரதிநிதித்துவக் கோட்பாட்டைப் பற்றி.