பட்டம் காணாத சாம் லாங்ஃபோர்ட்

விளையாட்டின் வரலாற்றை வாகை சூடியவர்களின் பட்டியலாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். அப்பட்டியலில் இடம்பெறாத ஒருவரின் வாழ்வு, பட்டியலின் நேர்மையையே கேள்விக்குள்ளாக்குவதுண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் சாம் லாங்ஃபோர்ட் அத்தகையவர்.

இளம் வயதில் வீட்டைவிட்டு வெளியேறிப் பாஸ்டன் வந்துசேர்ந்த அவர், 1903 டிசம்பரில் இலகு எடைப் பிரிவின் உலகச் சாம்பியன் ஜோ கான்ஸை வென்றார். லாங்ஃபோர்டின் எடை வரம்பை மீறியிருந்ததால் பட்டம் கைமாறவில்லை. 1904இல் வெல்டர் எடைச் சாம்பியன் ஜோ வால்காட்டுடன் 15 சுற்றுகள் மோதியும் முடிவு சமநிலையே. 1906 ஏப்ரலில், தம்மைவிட ஏறத்தாழ 30 பவுண்டு எடை கூடிய ஜாக் ஜான்சனிடம் 15 சுற்றுகள் தாக்குப்பிடித்துப் புள்ளிக்கணக்கில் தோற்றார்.

1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்ற ஜான்சன், அதிஎடைப் பிரிவின் முதல் கறுப்பினச் சாம்பியனானார். நிறத்தடையை உடைத்த அவரே லாங்ஃபோர்டுக்குப் பட்டப் போட்டியை இறுதிவரை வழங்கவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் கசப்பு. அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் தயங்குகிறோம். கறுப்பினத்தவர் இருவர் மோதினால் வசூலாகாது என்று கணக்கிட்டது அன்றைய சந்தை. அக்கணக்கை எழுதியது இனவெறி. 1915இல் ஜான்சன் வீழ்ந்தபின், 1937இல் ஜோ லூயி வெல்லும்வரை 22 ஆண்டுகள் அப்பட்டம் வெள்ளையரிடமே இருந்தது.

வாயில் அடைபட்ட வீரர்கள் தமக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். ஹாரி வில்ஸுடன் மட்டும் லாங்ஃபோர்ட் 15 முறைக்கும் மேல் களம் கண்டார். 1917இல் ஃபிரெட் ஃபுல்டனுடன் மோதியபோது ஒரு கண் பாழாயிற்று. மற்றதும் மங்கிவந்த நிலையில், 1922இல் டைகர் ஃபிளவர்ஸை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். அந்த ஃபிளவர்ஸ் 1926இல் நடு எடைப் பிரிவின் உலகச் சாம்பியனானார் என்பதை அறியும்போது, பட்டத்துக்கும் திறமைக்கும் இடையிலான தொலைவு நமக்குப் புலனாகிறது.

1944இல் ஆல் லேனி என்ற செய்தியாளர் அவரைத் தேடிப் புறப்பட்டபோது, இறந்துவிட்டார் என்றே பலர் சொன்னார்கள். ஹார்லெமில் ஓர் இருண்ட அறையில், பார்வையிழந்து, வறுமையில் இருந்தார் லாங்ஃபோர்ட். கட்டுரை வெளியானதும் வாசகர்கள் திரட்டிய நிதி, 1956இல் அவர் மறையும்வரை உதவியது. அவருக்குச் சேரவேண்டிய போட்டியைத் தராத உலகம், கடைசியில் கருணையைத் தந்தது. நீதியின் இடத்தைக் கருணை நிரப்பிவிடாது என்பதே அவர் வாழ்விலிருந்து நாம் கற்பது.