ராமன் ராகவ்

ராமன் ராகவ் (1929–1995): பம்பாயில் நடைபாதையிலும் குடிசையிலும் உறங்கிய ஏழைகளை இரவில் தலையில் அடித்துக் கொன்ற தொடர் கொலையாளி. சிந்தி தல்வாய், தம்பி, அண்ணா, வேலுசாமி என்று காவல்துறைக் குறிப்புகளில் இவருக்குப் பல பெயர்கள். தமிழ்ப் பூர்வீகத்தவர் என்பர். இளமைக்காலம் பற்றிய செய்திகள் சொற்பம். கொள்ளை வழக்கொன்றில் சிறை சென்றவர்.

1965–66இல் கிழக்குப் புறநகரின் ரயில்பாதையோரக் குடிசைகளில் 19 பேர் தாக்கப்பட்டு 9 பேர் இறந்தனர். அப்போது சந்தேகத்தில் பிடிபட்ட ராமன், சான்று இல்லாததால் விடுவிக்கப்பட்டார்.

1968இல் புறநகரில் கொலைகள் மறுபடி தொடங்கின. மக்கள் இரவுக் காவலுக்குத் தடியோடு நின்றனர். விசாரணையை நடத்தியவர் குற்றப்பிரிவுத் துணை ஆணையர் ரமாகாந்த் குல்கர்ணி. ஆகஸ்ட் 27 அன்று, ராமனின் பழைய புகைப்படத்தை நினைவில் வைத்திருந்த உதவி ஆய்வாளர் அலெக்ஸ் ஃபியால்ஹோ அவரை அடையாளம் கண்டு பிடித்தார். மழை பெய்யாத இடத்தில் ராமன் கையிலிருந்த குடை நனைந்திருந்தது சந்தேகத்தைக் கூட்டியது என்பது வழங்கிவரும் செய்தி. சோதனையில் கிடைத்தவை: மூக்குக் கண்ணாடி, இரண்டு சீப்பு, கத்தரிக்கோல், ஊதுபத்தி நிறுத்தி, சோப்பு, பூண்டு, தேயிலைத்தூள், கணக்குகள் எழுதிய இரண்டு தாள்கள். சட்டையிலும் அரைக்கால் சட்டையிலும் இரத்தக்கறை இருந்தது.

விசாரணையில் நெடுநேரம் வாய் திறக்காத ராமன், கேட்ட கோழிக்கறியைச் சாப்பிட்டு முடித்தார், தலைக்கு எண்ணெயும் சீப்பும் முகம் பார்க்கும் கண்ணாடியும் கேட்டு வாங்கினார், அதன்பின்பே பேசினார். பிறகு ஆயுதத்தை மறைத்த இடத்தையும் காட்டினார். 41 பேரைக் கொன்றதாக ஒப்புக்கொண்டார் என்பர். எண்ணிக்கை இதனினும் கூடும் என்பாரும், மிகை என்பாரும் உளர். வழக்கு நடந்ததோ மலாடு புறநகரில் இருவரைக் கொன்றதற்கு மட்டுமே.

1969இல் அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ராமன் மேல்முறையீடு செய்யவில்லை. செய்வது இன்னதென அறியும் மனநிலை இல்லாதவருக்கு விலக்களித்த அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இவருக்குப் பொருந்துமா என்பதே சிக்கலாயிற்று. காவல்துறை மருத்துவர் மனநோய் இல்லை என்றார். தண்டனையை உறுதிசெய்யுமுன் உயர் நீதிமன்றம் அமைக்கச் சொன்ன மூன்று மனநல மருத்துவர் குழுவோ, நாட்பட்ட மனச்சிதைவு என்றது. தம்மைப் பெண்ணாக்கச் சதி நடப்பதாக அவர் நம்பியதையும் பதிவு செய்தது. அதனால் 1987இல் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. எரவாடா சிறையில் இருந்தவர், சிறுநீரகக் கோளாறால் 1995இல் புணே சசூன் மருத்துவமனையில் இறந்தார்.

இவரைப் பற்றி ஸ்ரீராம் ராகவன் இயக்கிய குறும்படத்தில் ரகுவீர் யாதவ் நடித்தார். அனுராக் காஷ்யப்பின் 'ராமன் ராகவ் 2.0' (2016) இவர் பெயரைத் தாங்கியிருப்பினும், இக்கால மும்பையில் நிகழும் கற்பனைக் கதையே.