மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி என்பது, வலியும் வீக்கமும் கொண்ட மூட்டின் உட்குழிக்குள் கார்ட்டிகோஸ்டீராய்டு வகை மருந்தை நேரடியாகச் செலுத்தும் சிகிச்சை முறை ஆகும். ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் மூட்டுத் தேய்வு நோயில், குறிப்பாக முழங்காலில், இது பரவலாகப் பயன்படுகிறது. வலியைச் சில வாரங்களுக்குக் குறைக்கும் இம்மருந்து, திரும்பத் திரும்பச் செலுத்தப்படும்போது குருத்தெலும்பின் சிதைவை விரைவுபடுத்துகிறதா என்பது இன்றும் விவாதத்தில் உள்ள கேள்வி ஆகும். தசையைப் பெருக்குவதற்காக உடற்கட்டு வீரர்கள் சிலர் எடுத்துக்கொள்ளும் ஸ்டீராய்டுகள் வேறு வகையைச் சேர்ந்தவை.

வரலாறு

கார்ட்டிசோன் 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. இது தொடர்பான ஆய்வுகளுக்காக பிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டால், ததேயுஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். 1951-ல் ஜோசப் ஹாலண்டர் குழுவினர் ஹைட்ரோகார்ட்டிசோனை மூட்டுக்குள்ளேயே செலுத்திய முடிவுகளை வெளியிட்டனர். இன்று டிரையாம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் போன்ற, மெதுவாகக் கரையும் மருந்துகள் பயன்படுகின்றன.

செயல்படும் விதம்

மருந்து செல்லுக்குள் சென்று, அழற்சியைத் தூண்டும் புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. மூட்டின் உட்சவ்வில் உள்ள வீக்கம் தணிவதால் வலி குறைகிறது. ஆனால் அதே மருந்து குருத்தெலும்புச் செல்களையும் அடைகிறது. அதிக அளவிலும் நீண்ட காலமும் இம்மருந்து பட்டால், அச்செல்கள் கொலாஜன் முதலிய கட்டுமானப் பொருட்களை உருவாக்குவது குறைவதாக ஆய்வகச் சோதனைகளும் விலங்குச் சோதனைகளும் காட்டியுள்ளன. குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. எனவே அது தேய்வதை நோயாளி நேரடியாக உணர்வதில்லை. இரத்தக் குழாய்களும் இல்லாததால் இழந்த பகுதி எளிதில் வளர்வதும் இல்லை.

குருத்தெலும்புச் சிதைவு பற்றிய ஆய்வுகள்

2003-ல் வெளியான கனடிய ஆய்வில் 68 முழங்கால் நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு 3 மாதங்களுக்கு ஒருமுறை 40 மி.கி. டிரையாம்சினலோனும், மற்றவருக்கு உப்புநீரும் 2 ஆண்டுகள் செலுத்தப்பட்டன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தென்படவில்லை. இதனால் இம்முறை பாதுகாப்பானது என்ற கருத்து வலுப்பட்டது.

2017-ல் பாஸ்டனின் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த மெக்காலிண்டன் குழுவினர் ஏறக்குறைய இதே முறையை 140 பேரிடம் சோதித்தனர். ஆனால் இம்முறை காந்த ஒத்ததிர்வுப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுக்கப்பட்டது. ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு சராசரியாக 0.21 மி.மீ. குறைந்திருந்தது, உப்புநீர் பெற்றவர்களுக்கு 0.10 மி.மீ. மட்டுமே. 2 ஆண்டு முடிவில் வலியில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இரு முடிவுகளும் முரண்படுவதாகத் தோன்றினாலும் அளவுகோல்கள் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படம் எலும்புகளுக்கு இடையிலான இடைவெளியை மட்டுமே காட்டும். குருத்தெலும்பு அதில் தெரிவதில்லை. காந்தப் படம் குருத்தெலும்பையே அளக்கும். எனினும் 0.11 மி.மீ. வேறுபாடு நோயாளியின் நடையை எவ்வளவு பாதிக்கும் என்பதை அந்த ஆய்வைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. மேலும், அது 12 வாரங்களுக்கு ஒருமுறை தொடர்ந்து செலுத்தியதன் விளைவு. எப்போதோ ஒருமுறை போடும் ஊசிக்கு அப்படியே பொருந்தாது.

பயன்பாடு

அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இந்த ஊசியை வலுவாகப் பரிந்துரைக்கிறது. பிரித்தானிய வழிகாட்டுதல் (2022), பிற மருந்துகள் பலனளிக்காதபோது இதைக் கருதலாம் என்றும் நிவாரணம் 2 முதல் 10 வாரங்களே நீடிக்கும் என்றும் கூறுகிறது. ஒரே மூட்டில் இரு ஊசிகளுக்கு இடையே குறைந்தது 3 மாத இடைவெளி விடுவது பொதுவான வழக்கம்.

2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் (156 பேர்), ஓராண்டுக்குப் பின் ஊசி பெற்றவர்களைவிட இயன்முறைப் பயிற்சி பெற்றவர்களுக்கு வலியும் இயலாமையும் குறைவாக இருந்தன. நம் ஊர்களில் ஊசிக்கு இருக்கும் மதிப்பு பயிற்சிக்கு இல்லை என்பது வேறு செய்தி.

வலி குறைந்தது மூட்டு குணமானதன் அடையாளம் அன்று. படி ஏறி இறங்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல் 3 மடங்குக்கும் மேற்பட்ட விசை விழுகிறது. ஏறுவதைவிட இறங்கும்போது இது கூடுதல். ஊசி போட்டுக்கொண்டு, வலி தெரியாத தெம்பில், ஏறத்தாழ 700 படிகள் கொண்ட பழனி மலை ஏறுபவரின் மூட்டும் அதே விசையைத்தான் தாங்குகிறது. அத்தகையோர்க்கு அங்கு 1966 முதல் வின்ச்சும், 2004 முதல் ரோப் காரும் உள்ளன.

பக்க விளைவுகள்

நீரிழிவு நோயாளிகளுக்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளிறலாம். மூட்டுக்குள் கிருமித்தொற்று ஏற்படுவது அரிது, ஆனால் ஆபத்தானது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு முந்தைய 3 மாதங்களுக்குள் ஊசி போட்டால் அறுவைக்குப் பின் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுவதால், அக்காலத்தில் இது தவிர்க்கப்படுகிறது.