முடியும் குடியும்



கல்முனைக் கரையில் ஒரு கலியாணப் பேச்சு எழுந்தால், மூத்தவர்கள் முதலில் கேட்டுவந்த கேள்வி, "பிள்ளை என்ன குடி?" என்பதுதான். காணி, தொழில், படிப்பு எல்லாம் அதற்குப் பிறகே. தன் வேரைத் தேடுவது மனித இயல்பு. அந்த வேரை எந்த வழியால் தேடுகிறோம், எதற்காகத் தேடுகிறோம் என்பதிலேதான் வரலாற்றின் சூட்சுமம் இருக்கிறது. முடிதரித்த வம்சங்கள் உரோமாபுரி வரை வேர் தேடிப்போன கதையைக் கேட்டுவிட்டு, எமது குடிகளிடம் திரும்பி வருவோம்.

கி.மு. 69ஆம் ஆண்டிலே யூலியஸ் சீசரின் மாமி யூலியா காலமானாள். அவள் சீசருடைய தந்தையின் சகோதரி. அரசியலின் கீழ்ப்படிகளில் நின்ற சீசர், அவளுடைய மரணச் சடங்கில் புகழுரை நிகழ்த்தினான். மாமியின் தாய்வழி, உரோமின் நாலாவது அரசனான அங்குஸ் மார்சியஸிலிருந்து வருகிறது என்றான். தந்தைவழியோ வீனஸ் தேவதையிடமிருந்து வருகிறதாம். அந்தத் தந்தைவழிதான் சீசருடைய வழியும். புகழப்பட்டவள் மறைந்துபோனவள், ஏணி கிடைத்ததோ இருப்பவனுக்கு.

இந்த வழக்கத்தை அக்காலத்து உரோமரே அறியாமல் இல்லை. கி.மு. 46இல் எழுதிய நூலொன்றில் சிசரோ இதைச் சாடுகிறார். இத்தகைய மரணப் புகழுரைகளால் உரோமின் வரலாறே பழுதுபட்டது. நடவாத வெற்றிகளும் இல்லாத உறவுகளும் அதிலே புகுந்துவிட்டன என்பது அவரது முறைப்பாடு. சிசரோவின் குலப்பெயர் துல்லியஸ். மன்னராட்சி ஒழிந்து பத்தாண்டுகளின் பின் அதே பெயருடைய பிரபு ஒருவர் கொன்சல் பதவியில் இருந்தார். 'அவருடைய வம்சம் நான் என்று நானும் சொல்லிக்கொள்வது போலத்தான் இது' என்று கேலியாக உதாரணமும் காட்டுகிறார்.

மேற்கு உரோமப் பேரரசு 476இல் வீழ்ந்தது. அதன் பெருமை மட்டும் வீழவில்லை. பிராங்கியரின் மன்னன் சார்ள்மேன் 800ஆம் ஆண்டு உரோமாபுரியிலே பேரரசனாக முடிசூடினான். அக்காலத்தையொட்டி எழுந்த வம்சாவளி ஒன்று, அன்ஸ்பேர்ட் என்ற உரோமக் குடிப்பிறப்புடைய செனட்டரை அவனுடைய மூதாதையாக வைத்தது. பின்னாளில் ஹப்ஸ்பேர்க் மன்னர்களுக்கும் உரோமின் பழங்குடும்பங்களிலே வேர் தேடிக் கொடுக்கப் புலவர்கள் இருந்தார்கள்.

இன்றைய ஆய்வாளர்கள் இந்தச் சங்கிலிகளை ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்க்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டுக்கும் ஏழாம் நூற்றாண்டுக்கும் இடையில் ஆவணங்கள் அருகிவிடுகின்றன. அந்த இடைவெளியிலே பெயர் ஒற்றுமையைப் பாலமாகப் போட்டுத்தான் பலரும் கடந்திருக்கிறார்கள். ஐரோப்பிய அரச வம்சம் எதையேனும் பழைய உரோமக் குடும்பமொன்றோடு அறாமல் இணைக்கும் வம்சாவளி இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. உரோமாபுரியின் மாசிமோ பிரபுவைப் பார்த்து, "நீர் பேபியஸ் மாக்சிமஸின் வம்சமாமே?" என்று நெப்போலியன் கேட்டானாம். நிரூபிக்க முடியாது, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் உலவும் கதை அது என்றாராம் பிரபு.

எமது நாட்டிலும் இதுவே கதை. பொலன்னறுவையை 1187 முதல் 1196 வரை ஆண்ட நிஸ்ஸங்கமல்லன் கலிங்கத்திலிருந்து வந்தவன். கலிங்க வம்சத்தவருக்கே இலங்கையின் முடி உரியது என்று அவன் கல்லிலே வெட்டிவைத்தான். கல்லில் எழுதவேண்டி வந்ததே, அதை மறுத்தவர்களும் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. அந்தக் கலிங்கத்தின் பெயர் மட்டக்களப்புத் தேசத்து முக்குவரிடையே காலிங்கா குடி என்று இன்றும் வழங்குகிறது.

முஸ்லிம்களும் இத்தகைய வாதத்துக்குள் இழுக்கப்பட்டார்கள். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் எழுதிய கட்டுரை 1888இல் வெளிவந்தது. அராபிய மூதாதையரை எடுத்துக்காட்டி ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் எழுதினார். நடுவிலே, 1889இல், சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கென ஓர் ஆசனம் பிறந்தது. வம்சாவளிப் பேச்சுக்குப் பின்னால் ஓர் ஆசனமோ சிம்மாசனமோ நிற்பது புதினமல்ல.

எமது குடிகளின் கணக்கு வேறு. இங்கே உம்மாவின் குடியே பிள்ளையின் குடி. அயலிலே வாழும் தமிழ் மக்களுக்கும் இதே தாய்வழிதான். ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை என்பது வழக்கு. பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கொரு மரைக்கார் இருந்தார். வாப்பா வீடு கட்டினால் அது மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ஆகவே மூத்தம்மா, உம்மா, மகள், பேத்தி என்று வேலிக்கு வேலி அடுத்திருக்கும் வளவுகளே ஒரு வம்சாவளி ஏடு. பிள்ளையைப் பெற்றவள் யாரென்பதற்கு ஊர்ப் பெண்களெல்லாம் சாட்சி. அதற்குச் செனட்டரும் வேண்டாம், தேவதையும் வேண்டாம்.

இந்த ஏட்டையும் கடல் ஒருநாள் கிழித்தது. 2004 டிசம்பர் 26இல் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் வீடுகளோடு காணி உறுதிகளும் போயின. 2005இல் கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுவதற்குத் தடை வந்தது; பின்னர்தான் அது தளர்த்தப்பட்டது. இடம்பெயர்ந்தோருக்குப் புதிய வீடுகள் எழுந்தபோது, படிவத்திலே "குடும்பத் தலைவர்" யாரென்று கேட்டார்கள். பெரும்பாலும் கணவனின் பெயரே எழுதப்பட்டது. தாய்க்குத் தாய் வந்த வீடு, ஒரு பேனாக் கீறலிலே தந்தைவழிக்கு மாறியது. பெண்ணின் காலடியில் இருந்த மண் பறிபோவதைப் பலர் உதவியின் அவசரத்திலே கவனிக்கவில்லை.

முடிகளின் வம்சாவளியைக் காக்கப் புலவரும் கல்வெட்டும் இருந்தன. எமது குடிகளின் வம்சாவளியைக் காத்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்த மூத்தம்மாமார். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம். அடுத்த வீட்டுக்கு உறுதி எழுதும்போது மகளின் பெயரையும் மறவாதிருப்போம்.