ஒப்பித்தலும் பேசுதலும்: தமிழகத் தொடக்கக் கல்வியில் வாய்மொழியின் இடம்

1989இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் அமைந்தது. அதன் பிறகு ஆட்சியர் அலுவலகம் வந்துசேர்ந்த இடம் வேங்கிக்கால். ஏரியும் வயலுமாக இருந்த ஊர் இன்று நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. இத்தகைய ஊரின் தொடக்க வகுப்பில் பல பேச்சுகள் அருகருகே உட்காருகின்றன. மாற்றலாகி வந்த ஊழியர் வீட்டுத் தெற்கத்தித் தமிழும் வட ஆற்காட்டின் 'வந்துகினு'வும் 'கீது'வும் அங்கே உண்டு. வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகளும் உண்டு. "எங்க ஆயா ஊருக்குப் போயிக்கீது டீச்சர்" என்று ஒரு குழந்தை சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, "பாட்டி ஊருக்குப் போயிருக்கிறார்னு சொல்லு." எந்த ஊருக்கு, எதற்கு என்று கேட்பார் அரிது. சேதி தொங்கலில் நிற்க, வாக்கியம் மட்டும் திருத்தப்படுகிறது.

குழந்தையின் வாய்க்குத் தமிழகப் பள்ளி எக்காலத்திலும் வேலை கொடுத்தே வந்திருக்கிறது. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் ஒப்பித்தல்தான். குழந்தை தன் சொல்லில் தன் சேதியைச் சொல்வதற்கான இடம், எது தேர்வில் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே விரிந்தும் சுருங்கியும் வந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவதே முறை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லி, பின் ஓலைக்குப் போவது திண்ணைப் பள்ளிகளில் வழக்கம். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி எல்லாம் வாய் வழியே மனத்தில் ஏறின. மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சென்னை எழும்பூரின் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கண்டு அவ்வழக்கத்தை எடுத்துக்கொண்டார்; மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1797இல் நூலாக்கினார். திண்ணைப் பள்ளியின் ஒப்பித்தலை வெறும் குருட்டு மனப்பாடம் என்று தள்ளிவிடுவது சரியன்று. திண்ணைப் பள்ளிகளின் கணிதத்தை ஆராய்ந்த செந்தில்பாபு, அங்கே நினைவாற்றலே ஒரு கற்றல் முறையாக இயங்கியதைக் காட்டியிருக்கிறார்.

உ.வே.சாமிநாதையர் தன்வரலாற்றில் தரும் ஒரு செய்தி இங்கே முக்கியம். மாலையில் பள்ளி கலையும்போது உபாத்தியாயர் பூ, பறவை, ஊர் போன்றவற்றின் பெயர்களை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி அனுப்புவார். இரவெல்லாம் நினைவில் வைத்திருந்து மறுநாள் காலையில் அவற்றைச் சொல்ல வேண்டும். சொற்பெருக்கத்துக்கு இதைவிட எளிய பயிற்சி வேறு இருக்குமா என்று தெரியவில்லை. ஆனால் இதிலும் சொல் ஆசிரியருடையது. குழந்தை அதைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறது. அந்தப் பூவைப் பற்றி ஏதாவது பேசு என்று யாரும் கேட்கவில்லை.

ஆங்கிலேய ஆட்சி ஒப்பித்தலை ஒழிக்கவில்லை. அதற்கு விலை வைத்தது. 1855இல் பொதுக்கல்வித் துறை அமைந்தது. அதன் பின் பல பத்தாண்டுகள், ஆய்வாளர் நடத்தும் தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்கள் என்பதைக் கணக்கிட்டுப் பள்ளிக்கு மானியம் தரும் முறை நடந்தது. தேர்வில் கேட்கப்பட்டவை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியன. மானியம் வாங்கித் தராத பேச்சுக்கு ஆசிரியர் நேரம் ஒதுக்குவாரா? 1904ஆம் ஆண்டின் இந்திய அரசுக் கல்வித் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் சொன்னது. முறை போயிற்று, பழக்கம் தங்கிவிட்டது.

பேச்சுக்கு இடமில்லாததை ஆசிரியர் பயிற்சி நூல்கள் உணராமல் இல்லை. காரைக்குடி அழகப்பா பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய ந.சுப்புரெட்டியாரின் 'தமிழ் பயிற்றும் முறை' 1957இல் வந்தது. வாய்மொழிப் பயிற்சியை அது தனியாகவே எடுத்துப் பேசுகிறது. 'கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல்' என்ற நான்கையும் பயிற்சி மாணவர்கள் வரிசை பிசகாமல் எழுதித் தேறினார்கள். வகுப்பில் பேசுதலுக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை பிற்பகல் மாணவர் மன்றம். அங்கும் மூத்தவர் எழுதிக் கொடுத்ததை, 'அவையோருக்கு வணக்கம்' தொடங்கி 'நன்றி' வரை, மூச்சுவிடாமல் ஒப்பித்த பிள்ளையே பரிசு வாங்கியது.

பெரிய உடைப்பு செயல்வழிக் கற்றலால் நேர்ந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார் 13 பள்ளிகளில் தொடங்கிய முறை, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. குழந்தை கற்றல் ஏணிப்படியில் தன் நிலையைப் பார்த்து, சின்னம் பொருந்தும் அட்டையை எடுத்துக்கொண்டு உரிய குழுவில் உட்காரும். பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. காலநிலை அட்டவணையைக் குழந்தையே நிரப்பியது. வகுப்பின் அச்சம் உடைந்தது உண்மை. என் மதிப்பீட்டில், பேச்சு விஷயத்தில் இது பாதிக் கிணறு. அவரவர் அட்டை அவரவர் கையில் இருக்கும்போது, வகுப்பே சேர்ந்து ஒரு விஷயத்தைப் பேசும் நேரம் குறைந்தது.

2012-13இல் வந்த முப்பருவ முறை வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் வைத்தது. நாடகம், உரையாடல், கதை சொல்லல் போன்றவை அந்த 40க்குள் நுழைய இடம் கிடைத்தது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என நிலை வகுத்துக் கதை, பாடல், பொம்மலாட்டம் ஆகியவற்றைத் தமிழ் வகுப்பின் அன்றாடமாக்கியது. மறு ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. ஆனால் திட்டத்தின் பெயரிலேயே பேச்சு இல்லை. ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டமும் வாய்மொழி வளர்ச்சியைப் பேசத்தான் செய்கிறது. அளவுகோலாக வைத்திருப்பதோ, இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் வாசிக்க வேண்டும் என்பதை. வாசிப்பதை எண்ண முடிகிறது. பேசுவதை எண்ண வரவில்லை.

எண்ண முடியாது என்பதும் முழு உண்மையன்று. சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005இல் பேச்சுத்தமிழைப் பள்ளியில் கற்பிக்கப் பரிந்துரைத்தது. அங்கே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழுக்கான 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழிக்கு. காணொளியைப் பார்த்துத் தேர்வாளரோடு பிள்ளை உரையாட வேண்டும். காரணம் வெளிப்படை: வீடுகளில் ஆங்கிலம் ஏறித் தமிழ் இறங்கியது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத்தமிழுக்கு, இலக்கணம் எழுதியதும், பேச்சு தெரியாமல் வந்திறங்கிய பாதிரிமாருக்காகவே. வீட்டில் பேச்சு இல்லாதவர்களுக்குத்தான் அது பாடமாகிறது. தமிழ்நாட்டில் அதை வீடு பார்த்துக்கொள்ளும் என்பது நம் பாடத்திட்டங்களின் எழுதாத நம்பிக்கை.

வேங்கிக்கால் போன்ற வகுப்பில் அந்த நம்பிக்கை செல்லாது. வீடு கொடுப்பது வீட்டுப் பேச்சை. ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அம்மாவின் மனுவை எடுத்துச்சொல்லும் பேச்சு வேறு. ஒன்றை இழக்காமல் மற்றொன்றைப் பழக்குவது ஆசிரியரின் வேலை. கீழ்ப்பென்னாத்தூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், ஜவ்வாது மலை முதல் செய்யாறு வரையிலான வழக்குகளை ஒலிப்பதிவாகத் திரட்டி ஆசிரியர்க்குப் பயிற்சி தருவது கைக்கெட்டிய காரியம்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் வழக்கிலேயே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, பிறகு அதையே பொதுத்தமிழில் சொன்னால் பத்து மதிப்பெண் என்று வைத்தாலும் போதும். அடுத்த பருவத்திலேயே கால அட்டவணையில் அதற்குப் பாடவேளை முளைத்துவிடும்.