மிளகு உன்னுடையது, காப்பி சர்க்காருடையது

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிறவர்கள் கொட்டச்சேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தோட்டங்களில் நிழலுக்கு சில்வர் ஓக், அதில் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. ஒரே மண், ஒரே பட்டா, ஒரே சொந்தக்காரர். ஆனால் சுமார் ஐம்பது வருஷம் அந்த மரத்தின் மேலே இருந்ததற்கு ஒரு சட்டம், கீழே இருந்ததற்கு வேறொரு சட்டம். மிளகை அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். காப்பியை விற்றால் குற்றம்.

சட்டம் தனிமனிதனின் விருப்பத்தில் எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தால் நாம் பேச்சு, மதம், கல்யாணம், மது என்றுதான் போவோம். விளைந்ததை விற்கிற உரிமை யாருக்கும் ஞாபகம் வராது. எனக்கும் இந்தக் காப்பிச் சட்டத்தை வாசிக்கும்வரை அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்தார் என்பது எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கும் செய்தி. அதற்குப் பின் நூறு வருஷத்துக்கும் மேல் காப்பி வியாபாரம் தோட்டக்காரர், ஏஜெண்டு, ஏற்றுமதிக் கம்பெனி என்ற மூவர் கையில்தான் இருந்தது. விலை ஏறும், இறங்கும். லாபமும் நஷ்டமும் அவரவர் பாடு.

அதை மாற்றியது இரண்டாம் உலகப் போர். இந்தியக் காப்பிக்குப் பெரிய சந்தை ஐரோப்பா. 1940-ல் ஜெர்மன் படைகள் பிரான்சுக்குள் நுழைந்ததும் அந்தக் கதவு மூடியது. கிடங்கில் காப்பி தேங்கியது, விலை விழுந்தது. தோட்டக்காரர்கள் சர்க்காரிடம் உதவி கேட்டார்கள். இதை நாம் மறந்துவிடக் கூடாது. யாரோ மேலிருந்து திணித்ததல்ல, கேட்டு வாங்கிய கட்டுப்பாடு இது. முதலில் 1940-ல் ஒரு அவசரச் சட்டம், பிறகு 1942-ல் காப்பிச் சந்தை விரிவாக்கச் சட்டம். பின்னாளில் அதுவே வெறும் ‘காப்பிச் சட்டம்’ ஆனது.

சட்டத்தின் பெயரில் விரிவாக்கம் இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. காப்பி நிலம் வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர் உள்நாட்டில் தானே விற்றுக்கொள்ள ஒரு பங்கை வாரியம் ஒதுக்கலாம். அதற்கு மேல் இருப்பதை ‘உபரித் தொகுப்பில்’ சேர்த்துவிட வேண்டும். பூல், பூலிங் என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், சொந்தமாக விற்கும் பங்கு பல பத்தாண்டுகளுக்கு ஒதுக்கப்படவே இல்லை. பங்கு பூஜ்யம் என்றால் விளைச்சல் முழுவதும் உபரிதானே! வீட்டில் குடிக்கவும் விதைக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

25-ஆம் பிரிவு இன்னும் கறாரானது. தொகுப்பில் சேர்த்த நிமிடமே அந்தக் காப்பியில் விவசாயிக்கு எந்த உரிமையும் கிடையாது, பணம் பெறும் உரிமை ஒன்றைத் தவிர. அந்தப் பணமும் ஒரே தடவையில் வராது. தரத்துக்கேற்பப் புள்ளி போட்டு, முதலில் ஒரு தொகை, பிறகு வாரியம் ஏலம் விட்டு விற்க விற்கத் தவணை தவணையாக. கடைசித் தவணைக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் தோட்டத்துக் காப்பி மணமாக இருந்தாலும் அந்தப் பெயர் வெளியே தெரியாது. தரம் பார்த்து மற்றவர்கள் காப்பியோடு கலந்துவிடுவார்கள்.

அதே 1942-ல் அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு சங்கதி. ஒஹையோ மாநிலத்தில் ராஸ்கோ ஃபில்பர்ன் என்ற விவசாயிக்குக் கோதுமை போட அனுமதிக்கப்பட்டது 11.1 ஏக்கர். அவர் போட்டது 23 ஏக்கர். கூடுதலாக விளைந்ததற்கு அபராதம் விதித்தார்கள். ‘என் மாட்டுக்கும் கோழிக்கும் வீட்டுக்கும் போட்டேன், இதில் உங்களுக்கு என்ன?’ என்பது அவர் வாதம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. நீ வீட்டுக்கு விளைவித்துக்கொண்டால் கடையில் வாங்க மாட்டாய், உன்னைப் போல எல்லோரும் செய்தால் சந்தை விலை ஆடும், ஆகவே சட்டம் உன் வீட்டுக் கோதுமைக்கும் பொருந்தும் என்றது. அந்த வகையில் நம் சட்டம் கொஞ்சம் தேவலை. வீட்டு டபராவுக்குள் அது வரவில்லை.

போர் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், அரசியல் சட்டம் வந்தது, பூல் மட்டும் போகவில்லை. அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு எந்தத் தொழிலும் வியாபாரமும் செய்யும் உரிமையைக் கொடுத்தது. 1951-ல் வந்த முதல் திருத்தம், அரசு ஒரு வியாபாரத்தை முழுதாகவோ பகுதியாகவோ தானே எடுத்து நடத்த அந்த உரிமை தடையாக இருக்காது என்று சேர்த்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டக்காரரின் சுதந்திரத்துக்காகக் கண்ணீர் விடுமுன், அதே மலைகளில் கூலிக்காரனின் சுதந்திரம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். 1859-ஆம் வருஷத்து ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் அவனைத் திரும்ப வேலைக்கு அனுப்பலாம், மறுத்தால் மூன்று மாதம் வரை சிறையில் போடலாம். தென்னிந்திய மலைத்தோட்டங்கள் இந்தச் சட்டத்தை நன்றாகவே பயன்படுத்தின. 1920-களின் நடுவில்தான் அது நீக்கப்பட்டது. தன் காப்பியை விற்க முடியாதவனும் தன் உழைப்பை வேறிடத்தில் விற்க முடியாதவனும் ஒன்றல்ல. முன்னவன் ராத்திரி தன் வீட்டில் தூங்கினான்.

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1988-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வரி வழக்கு. காப்பி வாரியத்துக்கும் கர்நாடக வணிகவரித் துறைக்கும் தகராறு. வாரியம் விவசாயிகளிடம் காப்பி வாங்குகிறது, அதற்குக் கொள்முதல் வரி கட்டு என்றது வரித்துறை. வாரியம் என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் எங்கே வாங்குகிறோம்? சட்டப்படி கட்டாயமாக எடுத்துக்கொள்கிறோம், விவசாயியின் சம்மதம் இதில் இல்லவே இல்லை, சம்மதம் இல்லாமல் விற்பனை ஏது என்றது. பல வருஷம் தோட்டக்காரர்கள் வாரியத்தைப் பார்த்துச் சொன்ன குறையை வாரியமே கோர்ட்டில் எழுந்து நின்று சொன்னது, வரியை மிச்சம் பிடிக்க!

கோர்ட் ஏற்கவில்லை. விற்பனைதான் என்றது. காப்பி பயிரிடச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அதில் இறங்குவதா வேண்டாமா என்ற விருப்பம் சிறிதளவாவது விவசாயிக்கு இருக்கிறது, இறங்கினால் அந்தத் துறையின் விதிப்படி நடக்க வேண்டியதுதான் என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு முன் சிமெண்டு, நெல் கட்டுப்பாடு பற்றிய விஷ்ணு ஏஜென்சீஸ் வழக்கிலும் இதே பாதைதான். சட்டம் எவ்வளவு இறுக்கினாலும் துளி விருப்பம் மிஞ்சினால் அது ஒப்பந்தமே.

வரிச் சட்டமாகப் பார்த்தால் இது சரியாக இருக்கலாம். ஆனால் காப்பியைத் தெரிந்தவர்களுக்கு இடிக்கும். காப்பி, கம்பு சோளம் மாதிரி வருஷா வருஷம் யோசித்து விதைக்கிற பயிர் இல்லையே. நட்டால் காய்க்க மூன்று நான்கு வருஷம், பிறகு பல பத்தாண்டுகள் நிற்கும். கொட்டச்சேட்டில் ஒருவர் 1985-ல் பறித்த பழம் அவர் தாத்தா நட்ட செடியிலிருந்து வந்திருக்கலாம். தாத்தா நட்டபோது பூலே இல்லை. அப்படியானால் அந்தத் ‘துளி விருப்பம்’ யாருடையது? பேரனுக்கு இருந்த சுதந்திரம், செடியை வேரோடு பிடுங்கிப் போடுவதுதான். அதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூலால் நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மூன்று ஏக்கர் மலையாளி விவசாயிக்கும் முந்நூறு ஏக்கர் எஸ்டேட்டுக்கும் ஒரே தரத்துக்கு ஒரே விலை என்பது அதன் கணக்கு. வாசலில் நிற்கும் வியாபாரி சொன்னதுதான் விலை என்ற நிலை இல்லை. உலக விலை சரியும்போது அடி நேரடியாக விழவில்லை, ஏறும்போது லாபமும் நேரடியாக வரவில்லை. 1975-ல் பிரேசிலில் பனி அடித்து உலக விலை எகிறியபோது, விற்கும் நேரத்தைத் தீர்மானித்தது வாரியம்தான்.

முடிவு வேகமாக வந்தது. 1989-ல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீடு முறிந்து விலை சரிந்தது. 1991-ல் பெரிய வாடிக்கையாளரான சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 1992-ல் விளைச்சலில் 30 சதவீதத்தைத் தானே விற்கலாம் என்றார்கள், அடுத்த வருஷம் 50, 1996-க்குள் முழுவதும். நடுவே 1994-ல் மறுபடி பிரேசிலில் பனி, விலை ஏறியது. புதுச் சுதந்திரமும் நல்ல விலையும் ஒன்றாக வந்ததால் இரண்டும் ஒன்று என்றே பலர் நினைத்தார்கள். வியட்நாம் காப்பி சந்தையில் குவிந்தபின், 2001, 2002-ல் உலக விலை பாதாளத்துக்குப் போனது. இந்த முறை நடுவில் பூல் இல்லை.

இன்று அதே காப்பி வாரியம் கூர்க், வயநாடு என்று பகுதி பகுதியாகப் பெயர் சூட்டி விளம்பரம் செய்கிறது. அந்தப் பட்டியலில் சேர்வராயனும் உண்டு. ஆனால் கொட்டச்சேட்டுத் தோட்டத்தில் ஒரு ஈட்டி மரம் நின்றால் அதை அனுமதியில்லாமல் சொந்தக்காரர் தொட முடியாது என்று 1990-களின் நடுவில் வேறொரு சட்டம் வந்தது. காப்பிக்குப் பூட்டுத் திறந்த அதே வருஷங்களில் மரத்துக்குப் பூட்டு. அது தனியாக எழுத வேண்டிய கதை.