மலையில் எழுந்த கல்லும் தாளில் எழுந்த சொல்லும்

சாலையாயினும் அணையாயினும் அதற்கு இரண்டு அடித்தளங்கள் உண்டு. ஒன்று கல்லால் அமைவது. மற்றொன்று சொல்லால் அமைவது. கல்லடித்தளத்தை வரலாற்று நூல்கள் வருணிக்கும். சொல்லடித்தளமாகிய ஒப்பந்தத்தையோ வழக்கறிஞர்களன்றிப் பிறர் எண்ணிப் பார்ப்பதில்லை. எனினும், இடர் நேருங்கால் நட்டத்தை யார் சுமப்பது என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தாளே ஆகும். நம் கேமரன் மலையின் வரலாற்றை இவ்வொளியில் நோக்குவது பயனுடைத்து.

1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிந்தார். நாற்பதாண்டுகள் இது காடாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே மலைவாழிடம் அமைக்கும் திட்டம் உருப்பெற்றது. அடுத்த ஆண்டு முதல் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை அமைக்கும் வேலை தொடங்கிற்று. அடர்ந்த காடும் செங்குத்துச் சரிவும் மலைக்காய்ச்சலும் வேலையாட்களை வாட்டின. சாலை முடியுமுன்னரே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். மலைச்சரிவைத் திருத்திக் கன்று நட்ட கைகளுள் பெரும்பாலானவை தமிழ்க் கைகள் என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்காலத்து ஒப்பந்தங்களை ஆண்ட சட்டம் எது? இவ்வினாவின் விடை நமக்கு வியப்பளிக்கும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சிறு மாற்றங்களுடன் கூட்டு மலாய் மாநிலங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. 1899, 1900 ஆகிய ஆண்டுகளில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அதனை ஏற்றன. இன்று நடைமுறையிலுள்ள 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் அதன் வழித்தோன்றலே. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தொழிலாளி அறியாமலேயே அவன் ஊர்ச் சட்டமும் அவனுக்கு முன்னதாகக் கடல் கடந்து வந்துவிட்டது.

ஆயின், அச்சட்டம் எல்லார்க்கும் ஒரே முகத்தைக் காட்டவில்லை. குத்தகையாளர் வேலையைத் தாமதப்படுத்தினால் அது பண வழக்கு. இழப்பீடு கொடுத்தால் தீர்ந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினாலோ, இந்தியாவில் 1859-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, அவன் சிறைக்கும் செல்ல நேரிட்டது. சொல் தவறிய செயல் ஒன்றே. ஒருவனுக்குக் கணக்கேடு, மற்றொருவனுக்குச் சிறைக்கதவு. மலாயாவில் சஞ்சிக்கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கேமரன் மலைச் சாலைக்கு மண் வெட்டப்பட்ட நாளில் அம்முறை மறைந்திருந்தது உண்மையே. எனினும், கையெழுத்து என்றாலே அஞ்சும் வழக்கம் நம் லயங்களில் நெடுங்காலம் நிலைத்தமைக்கு இவ்வரலாறும் ஒரு காரணமாகலாம்.

சாலைக்குப் பின் அணை வந்தது. 1958-ஆம் ஆண்டு உலக வங்கி மலாயாவுக்கு வழங்கிய முதற்கடன் கேமரன் மலை நீர்மின் திட்டத்திற்கே ஆகும்; தொகை 356 இலட்சம் அமெரிக்க டாலர். மத்திய மின்சார வாரியம் அப்பணியை மேற்கொண்டது. தெலோம் ஆற்று நீர் சுரங்க வழியே திருப்பப்பட்டுப் பெர்த்தாம் ஆற்றோடு சேர்க்கப்பட்டது. ரிங்லெட்டில் 1963-இல் சுல்தான் அபு பாக்கார் அணை நிறைவுற்றது. அங்கிருந்து மற்றொரு சுரங்கம் மலையைத் துளைத்து, பேராக் மாநிலத்து ஜோரில் நிலத்தடியில் அமைந்த 100 மெகாவாட் மின்நிலையத்திற்கு நீரைக் கொண்டு செல்கின்றது. கிழக்கே பகாங் ஆற்றைச் சேரவேண்டிய நீர் மேற்கே இறங்கியது.

இத்தகைய வேலைகளில் பிணக்கு எவ்வாறு பிறக்கின்றது? மலையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைத் துளைத்துப் பார்க்கும்வரை எவரும் முற்றாக அறியார். கெட்டிப்பாறை என எண்ணி விலை கூறிய குத்தகையாளர், இளகிய மண்ணையும் நீரூற்றையும் எதிர்கொண்டால் கூடுதல் செலவை ஏற்பவர் யார்? 1957-இல் பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம் இதற்கு விடை கூறிற்று: அனுபவமுள்ள குத்தகையாளரும் முன்னறிய இயலாத தடை எனில் உரிமையாளர் ஈடு செய்ய வேண்டும். அதனை முதலில் தீர்மானிப்பவர் பொறியாளர்; அவர்க்குச் சம்பளம் தருபவரோ உரிமையாளர்! ஆதலின் அவர் முடிவை ஏற்காதார் நடுவர் தீர்ப்பை நாட வழி வைக்கப்பட்டது.

தாமதத்திற்கு நாளொன்றுக்கு இவ்வளவு என முன்கூட்டியே தொகை குறிப்பதும் வழக்கம். நம் நாட்டுச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, குறித்த தொகையை மேல்வரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கின்றது. 1995-இல் கூட்டரசு நீதிமன்றம், பொதுவாக உண்மையான நட்டத்தை மெய்ப்பித்தால்தான் பணம் பெறலாம் என்றது. 2018-இல் அதே நீதிமன்றம் அக்கடுமையைத் தளர்த்தி, தொகை நியாயமற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பை ஒப்பந்தத்தை மீறியவர்மேல் வைத்தது.

ஒரு சொல்லின் பொருள் எத்துணைப் பெரும் பிணக்காகும் என்பதற்குத் தமிழகத்து முல்லைப் பெரியாறு சான்று பகரும். அங்கும் ஒரு புறம் பாய்ந்த நீர் மலையைக் கடந்து மறுபுறம் திருப்பப்பட்டது. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசும் 999 ஆண்டுக் குத்தகையில் கையொப்பமிட்டன. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1895-இல் அணை முடிந்தது. பின்னர்ச் சென்னை அரசு அந்நீரால் மின்சாரம் எடுக்க விரும்பியபோது, பாசனத்திற்காகக் கொடுத்த நீரை வேறொன்றிற்குப் பயன்படுத்தலாமா என்னும் வழக்கு எழுந்தது. நடுவர் இருவரும் உடன்படாமையால் மேல்நடுவர் சர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941-இல் திருவிதாங்கூருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1970-இல் வாடகையை 30 ரூபாயாக உயர்த்தி, மின்சாரத்திற்குத் தனிக் கட்டணம் பேசியே அப்பிணக்கு தீர்ந்தது. 1886-இல் எழுதியவர்கள் கருதாத ஒரு பயனுக்காக, பேரன்மார் காலத்தில் புது ஒப்பந்தம் எழுத நேர்ந்தது.

பெரிய ஒப்பந்தத்தின் கீழ் உட்குத்தகை, அதன் கீழ் மற்றோர் உட்குத்தகை எனச் சங்கிலி நீளும். மேலே பணம் நின்றால் கீழே அடுப்பு அணையும். "எனக்கு மேலுள்ளவர் கொடுத்தால்தான் உனக்குக் கொடுப்பேன்" என்னும் விதி பல சிறு குத்தகையாளரை நொடித்துப்போகச் செய்தது. 2014 ஏப்ரல் 15 முதல் நடப்புக்கு வந்த கட்டுமானத் தொழில் பணவழங்கீட்டுச் சட்டம் அவ்விதியைச் செல்லாதாக்கியது. பணப் பிணக்கைச் சில மாதங்களுக்குள் தீர்க்க விரைவு வழியும் அமைத்தது. தொழிலாளிக்கோ, 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்து 33-ஆம் பிரிவு துணை நிற்கின்றது. உட்குத்தகையாளர் கூலி கொடாவிடில், மூன்று மாதக் கூலி அளவிற்கு மேலுள்ளவரும் பொறுப்பாவர். ஆனால் 90 நாள்களுக்குள் தொழிலாளர் துறையிடம் முறையிட வேண்டும். இதனை அறியாது உரிமையை இழந்தவர் பலர் எனல் மிகையன்று.

இறுதியாக, ஒப்பந்தத்தில் பெயரே இடம்பெறாதவர்களைப் பற்றி ஒரு சொல். ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்டாரையே கட்டும் என்பது பழைய விதி. 2013 அக்டோபர் 23 அன்று அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கிற் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது. காடழித்த சரிவுகளிலிருந்து அடித்துவரப்பட்ட மண் நீர்த்தேக்கத்தை ஆண்டுக்கணக்கில் நிரப்பி வந்தமை அனைவரும் அறிந்ததே. அப்பள்ளத்தாக்கு மக்கள் 1958-இன் கடன் தாளிலும் இல்லை. அணை கட்டிய ஒப்பந்தத்திலும் இல்லை. ஒப்பந்தச் சட்டம் அவர்க்கு உதவாது. கவனக்குறைவுக்குரிய பொதுச் சட்டத்தையே அவர்கள் நாட வேண்டும். எழுதப்பட்ட இடர்களுக்கெல்லாம் விலை குறித்தவர்கள், அணைக்குக் கீழே வாழ்பவர்க்கு நேரக்கூடிய இடரை யார் கணக்கில் எழுதினார்கள்?

ஆகவே, கட்டுமான ஒப்பந்தம் பணக்காரர் பிணக்கு என நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. நம் பிள்ளைகள் பலர் இன்று பொறியாளராகவும் குத்தகையாளராகவும் கணக்கராகவும் உயர்ந்துள்ளனர். அவர்கள் எழுதும் தாளில், சங்கிலியின் கடைக்கோடியில் நிற்பவனுக்கும் அணையின் கீழே வாழ்பவனுக்கும் ஒரு வரி இடம்பெறச் செய்வார்களாயின், மலைச்சாலையில் மடிந்த நம் முன்னோர்க்குச் செய்யும் கைம்மாறு அதுவேயாகும்.